மட்டையும் மறியலும்

மலர்க் குழுவினர் "உங்க காலத்து வரலாற்றை எழுதித் தாங்க சார்" என்று கேட்டார்கள். நான் 1964–67 பி.ஏ. வரலாற்று மாணவன் என்பதால் வந்த வினை. பேராசிரியர்கள் நடத்திய வரலாற்றில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது ஹாஸ்டல் ரேடியோவிலும் மதுரைத் தெருவிலும் படித்ததுதான். அதையே எழுதுகிறேன்.

ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி, இந்த மூன்றுக்கும் பேர் போன கரிசல் பூமி. அப்பா ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப்பிள்ளை. கதர் தவிர வேறு கட்டமாட்டார். காமராஜர் பெயரைச் சொன்னால் தோளில் கிடக்கும் துண்டைச் சரி செய்துகொள்வார். தாய்மாமா அண்ணாவின் தம்பி. பொங்கலுக்கு இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கும். நான் எந்தப் பக்கமும் இல்லாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவிடுவேன். கோவில்பட்டிப் பையனுக்கு அதுதான் முதல் கட்சி.

அந்த மட்டைதான் எனக்கு நம் கல்லூரியில் இடமும் வாங்கிக் கொடுத்தது. லெஃப்ட் இன் ஆடுவேன். 1964 அக்டோபர் 23. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் மொஹிந்தர் லால் அடித்த ஒரே கோலில் பாகிஸ்தானை வென்றோம். 1960-இல் ரோமில் பறிகொடுத்த தங்கம் திரும்பி வந்தது. ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டைத் தட்டி ஆடினோம். "நாம ஜெயிச்சிட்டோம்டா!" என்று கத்திய 'நாம' யார் என்று அன்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மூன்றே மாதம். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஆட்சிமொழி என்றானபோது, அதே மெஸ்ஸில் அதே பையன்கள் கறுப்புத் துணி கிழித்துக்கொண்டிருந்தோம். 25-ஆம் தேதி மதுரையில் மாணவர் ஊர்வலம். காங்கிரஸ் அலுவலகம் பக்கம் கைகலப்பு மூண்டது. அதிலிருந்துதான் தீ மாநிலம் முழுக்கப் பரவியது. அடுத்த இரண்டு வாரங்களில் அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் செத்துப்போனார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் பலியான செய்தி வந்த இரவு ஹாஸ்டலில் யாரும் சாப்பிடவில்லை. பிப்ரவரி 11-இல் பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி உறுதிமொழி கொடுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

எனக்கு அடங்கவில்லை. கும்பலில் ஓடும்போது வலது மணிக்கட்டில் ஒரு தடி விழுந்தது. போலீஸ் தடியா, கட்சிக்காரன் தடியா, எங்கள் ஆள் வீசியதே தவறிப் பட்டதா, இன்றுவரை தெரியாது. எலும்பு சரியாகக் கூடவில்லை. மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனேன்.

"யார் அடிச்சா?"

"தெரியலப்பா."

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. பதில் தன் கட்சி பக்கமாக வந்துவிடுமோ என்று பயந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அதன் பிறகு எங்கள் பேச்சு "சாப்பிட்டியா", "பணம் வந்துச்சா" என்ற அளவில் நின்றுபோனது. சென்னைப் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு (அப்போது நாம் அதன் கீழ்தான், மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இல்தான் வந்தது) நான் போகவே இல்லை.

மட்டை பிடிக்க முடியாதவன் வேடிக்கை பார்ப்பவன் ஆனேன். 1967 பொங்கலுக்குச் சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட். ஒரு நாள் டிக்கெட்டோடு எழும்பூரில் இறங்கினால், பிளாட்பாரம் முழுக்க ஒரே பேச்சு: "எம்.ஜி.ஆரைச் சுட்டுட்டாங்க!" ஜனவரி 12 சாயங்காலம் எம்.ஆர். ராதா சுட்டார், 13 காலையில் ஆட்டம் ஆரம்பம். பரூக் எஞ்சினியர் உணவு இடைவேளைக்குள் 94 ரன் விளாசினார். ஒவ்வொரு பவுண்டரிக்கும் கத்திவிட்டு உடனே, "ஆஸ்பத்திரியிலேருந்து என்ன தகவல்?" என்று பக்கத்து ஆளை விசாரித்தோம். அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசி நாள் ஆட்டத்தை ரேடியோவில்தான் கேட்டேன். ஏழு விக்கெட் விழுந்த பிறகு சோபர்சும் கிரிஃபித்தும் நின்று ஆட்டத்தைக் காப்பாற்றிவிட்டார்கள்!

அடுத்த மாதம் தேர்தல். எனக்கு 20 வயது. 21 ஆனால்தான் அப்போது ஓட்டு (18 என்று குறைத்தது 1989-இல்தான், இன்றைய தம்பி தங்கைகள் தெரிந்துகொள்க). ஓட்டில்லாதவன் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டேன். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. விருதுநகரில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். நாங்கள் ஹாஸ்டலில் லட்டு கொடுத்தோம். அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே, "அவரு ரெண்டு நாளா சரியா சாப்பிடலடா, ஒண்ணும் பேசிடாதே" என்றாள். ஹைஸ்கூலில் கடைசி வருஷங்களில் நான் சம்பளம் கட்டாமல் படித்தது யார் போட்ட திட்டத்தால் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லட்டு தின்ற வாய் கசந்தது.

படிப்பு முடிந்து கிடைத்ததோ மத்திய அரசு வேலை. "டெல்லிச் சம்பளம் கசக்காதோ?" என்று அப்பா கேட்டார். இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. 1972-இல் நாக்பூருக்கு மாற்றல். இந்தி பேசமாட்டேன் என்று மூன்று வருஷம் கையைக் காட்டியே காய்கறி வாங்கினேன்.

1975 மார்ச் 15. கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம், மறுபடியும் பாகிஸ்தான். டீக்கடை ரேடியோவில் ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனை. சுர்ஜித் சிங் சமன் செய்ததும், தயான்சந்தின் மகன் அசோக் குமார் இரண்டாவது கோல் போட்டதும் கடையே எழும்பிக் குதித்தது, நானும்தான். 2–1. டீயை வாயில் வைத்த பிறகுதான் உணர்ந்தேன், எனக்கு அவர் பேசிய அத்தனையும் புரிந்திருக்கிறது! பயந்துபோய் அப்பாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். "கேட்டதில் தப்பில்லை. கேட்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால்தான் தப்பு. 65-லே நீ செய்ததும் சரிதான்" என்று பதில் வந்தது. பத்து வருஷம் காத்திருந்த வரி. இன்றைக்கும் நான் இருமொழிக் கட்சிதான். ஆனால் இந்திக்காரன் மேல் இருந்த கசப்பு அந்த டீக்கடையோடு போயிற்று.

அந்த ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. அக்டோபர் 2-இல் காமராஜர் காலமானார். 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. 1977 மார்ச் தேர்தலில் அப்பாவின் பழைய காங்கிரசும் என் தி.மு.க.வும் ஒரே அணி! அப்பா உதயசூரியனுக்கு ஓட்டுக் கேட்டதாக மாமா எழுதியிருந்தார். நம்பவே முடியவில்லை. நான் நாக்பூரில் இந்திரா காங்கிரசுக்கு எதிராகக் குத்தினேன். டெல்லியில் எங்கள் பக்கம் ஜெயித்தது, தமிழ்நாட்டில் தோற்றது. விடுமுறையில் போனபோது திண்ணையில் அப்பாவும் மாமாவும் நானும் உட்கார்ந்து தோற்றதைப் பற்றி இரவு ஒரு மணி வரை பேசினோம். அம்மா மூன்று முறை காபி போட்டாள்.

கோவில்பட்டியில் இப்போது செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. இந்தச் சந்திப்பன்று மாலையில் பழைய மாணவருக்கும் இந்நாள் மாணவருக்கும் ஹாக்கி ஆட்டமாம். மணிக்கட்டு இன்னும் முழுதாகத் திரும்பாது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன், வந்து பாருங்கள்.