உஹத் முதல் சுங்குவார்சத்திரம் வரை: வதந்தியும் விசாரணையும்

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதம். உஹத் போர்க்களத்தில் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) ஷஹீதானார்கள். அவரை வீழ்த்திய இப்னு கமிஆ, தான் கொன்றது நபி (ஸல்) அவர்களையே என்றெண்ணி அதை உரக்க அறிவித்தான் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. அந்த ஒரு கூச்சல் சேனையை நிலைகுலையச் செய்தது. ஸஹாபாக்களில் சிலர் ஆயுதங்களைக் கீழே வைத்து அமர்ந்துவிட்டனர். பின்னர் கஅப் இப்னு மாலிக் (ரலி), தலைக்கவசத்தின் ஊடே தெரிந்த கண்களைக் கொண்டு நபியவர்களை அடையாளம் கண்டு, நற்செய்தியை முழங்கினார்கள். நேரில் கண்டவரின் சாட்சியமே அந்தப் பொய்யை முறித்தது.

நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரமும் இத்தகைய ஓர் இரவைக் கண்டது. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் எங்கே, எந்நிலையில் உள்ளனர் என்பது உடனிருந்தோருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி கைப்பேசிகளில் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கிய மறியலால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை முடங்கியது. இறந்ததாகக் கூறப்பட்டோர் காணொளி அழைப்பில் மாவட்ட ஆட்சியரிடம் பேசிய பிறகே உண்மை வெளிப்பட்டது. எவரும் இறந்திருக்கவில்லை.

எனினும் பரப்பியவர்களை மட்டும் பழித்து இவ்வரலாற்றை முடித்துவிடலாகாது. மரணச் செய்தி பொய். பெண்களின் துன்பமோ மெய். சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. தீயவர் ஒருவர் செய்தி கொண்டுவந்தால் அதை விசாரித்தறியுமாறு ஸூரா ஹுஜுராத்தின் 6-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அச்சம் தரும் செய்தியைப் பரப்பாமல் பொறுப்பாளர்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என ஸூரா நிஸாவின் 83-ஆம் வசனம் உணர்த்துகிறது. அவ்வாறாயின், கேட்போருக்கு உண்மையைத் தாமதமின்றிச் சொல்வது பொறுப்பாளர்களின் கடமையாகிறது. அவர்கள் மௌனம் காத்தால் அந்த இடத்தை வதந்தியே நிரப்பும்.

2023 மார்ச்சில் வேறொரு சோதனை வந்தது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. அவற்றுள் ஒன்று பீகார் தொழிலாளர்களே தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவருக்கிடையே நடந்த சண்டை. காட்சி உண்மையானது; அதற்கு ஒட்டப்பட்ட விளக்கம் பொய்யானது. ஆயினும் அச்சமுற்ற குடும்பங்கள் எத்தனையோ!

ஹதீஸ் கலை வல்லுநர்கள் செய்தியின் வாசகத்தை மட்டும் நோக்கவில்லை. அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்துக்கொண்டது உண்மையா என்று இஸ்னாதை ஆராய்ந்தனர். காணொளிக்கும் இஸ்னாத் தேவை. எடுத்தவர் யார்? எங்கே, எப்போது? இவற்றுக்கு விடையில்லாத காணொளி நம் கண்ணில் பட்டாலும், நாம் அந்நிகழ்வின் சாட்சிகள் ஆகிவிடமாட்டோம். அதைப் பிறருக்கு அனுப்பும்போதோ, அதன் அறிவிப்பாளர் வரிசையில் நாமும் சேர்கிறோம். மறுமையில் அதற்கும் கேள்வி உண்டு.

ஒரகடத்தின் தொழிலாளர் அறைகளில் இன்று பல மாநிலத்தார் அருகருகே உறங்குகின்றனர். ஒருவர் அனுப்பும் பொய், அடுத்த அறையில் இருப்பவரின் உயிருக்கே கேடாகலாம். வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்து காப்பானாக! ஆமீன்.