அச்சமா? ஆர்வமா?

பள்ளி ஆண்டு விழா. அடுத்து மேடையேற வேண்டியவர் நீங்கள். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா வறள்கிறது. இது அச்சமா, ஆர்வத்தால் எழுந்த கிளர்ச்சியா? உடம்பை மட்டும் பார்த்து இதற்கு விடை கூற இயலுமா?

இக்கேள்விக்கும் காஞ்சிக்கும் தொடர்பு உண்டு. பெரிய காஞ்சிபுரத்தின் மேற்கே, பிள்ளையார்பாளையத்துத் தறியோசையைக் கடந்து சென்றால் கைலாசநாதர் கோயிலைக் காணலாம். கி.பி. 700ஐ ஒட்டி இராசசிம்ம பல்லவன் எழுப்பியது அது. ஏறத்தாழ அக்காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர் என்று அறிஞர் கருதும் வடமொழிப் புலவர் தண்டி. அவருடைய காவியாதரிசத்தைத் தழுவிச் சோழர் காலத்தில் எழுந்ததே தமிழ்த் தண்டியலங்காரம். அந்நூல் கூறும் அணிகளுள் ஒன்று சுவையணி. உள்ளத்தில் நிகழ்வது மெய்ப்பாட்டின் வழியே புறத்தே புலனாகும்படி பாடுவது அது.

ஆனால் புறத்தே தெரியும் குறி ஒன்றாகவும் உள்ளே நிகழ்வது பலவாகவும் இருந்தால்? தண்டிக்கும் முற்பட்ட நாட்டிய சாத்திரம் இதைக் கவனித்திருக்கிறது. மயிர்க்கூச்செறிதலுக்குத் தொடுதல், அச்சம், குளிர், மகிழ்ச்சி, சினம், நோய் என ஆறு காரணங்களை அது அடுக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோ ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு காரணங்கள் கூறுகிறது. அச்சம் விலங்காலும் கள்வராலும் வருமாம். உவகை செல்வத்தாலும் விளையாட்டாலும் வருமாம். இதைக் கொண்டு நம் முன்னோர் ஹார்மோன்களை அறிந்திருந்தனர் என்று பெருமை பேச வேண்டியதில்லை. அவர்கள் மனிதரை உற்றுப் பார்த்தார்கள். அதுவே போதிய பெருமை.

உடம்பினுள் நடப்பது பிற்காலத்தில்தான் விளங்கியது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகளிலிருந்து அட்ரினலினைப் பிரித்தெடுத்ததை ஜப்பானிய வேதியியலார் தக்கமினே 1901இல் அறிவித்தார். அமெரிக்க உடலியலார் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், அச்சத்திலும் சினத்திலும் இப்பொருள் குருதியில் கலந்து இதயத்தை விரைவுபடுத்துவதை விளக்கினார்.

1962இல் ஷாக்டர், சிங்கர் என்னும் இரு உளவியலார் ஒரு விந்தையான சோதனை நடத்தினர். வைட்டமின் ஊசி என்று சொல்லிச் சிலருக்கு அட்ரினலினைச் செலுத்தினார்கள். பிறகு, காகித விமானம் விட்டுக் கூத்தடிக்கும் ஒருவனோடு சிலரையும், எரிந்து விழும் ஒருவனோடு வேறு சிலரையும் அமர்த்தினார்கள். படபடப்பின் உண்மைக் காரணம் அறியாதவர்களை உடனிருந்தவனின் மனநிலை அதிகம் தொற்றிக்கொண்டதாம். இதே போன்ற சோதனையை 1979இல் செய்து பார்த்தவர்களுக்கு முடிவு அப்படியே கிட்டவில்லை. ஆகவே, படபடப்புக்கு எப்பெயரை வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

எனினும் அச்சமும் ஆர்வமும் அண்டை வீட்டார். 2014இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர் ஆலிசன் உட் புரூக்ஸ் இதைப் பயன்படுத்திப் பார்த்தார். பிறர் முன் பாடவோ பேசவோ இருந்தவர்களில் சிலரை, "எனக்கு ஆர்வம் பொங்குகிறது" என்று சொல்லிக்கொள்ளச் செய்தார். பேச இருந்தவர்களில் வேறு சிலர், "நான் அமைதியாக இருக்கிறேன்" என்றார்கள். நம் பெரியவர்கள் இரண்டாவதைத்தானே பரிந்துரைப்பார்கள்! ஆனால் முதல் வகையினரே நன்றாகச் செய்தனர். படபடக்கும் உடம்பை அடக்கி அமைதிக்குக் கொண்டுவருவது நெடும்பயணம். ஆர்வமோ அடுத்த வாசல். இத்தனைக்கும், அவ்வாறு சொல்லிக்கொண்டவர்களின் இதயத் துடிப்பு தணிந்துவிடவில்லை. முன்போலவே விரைந்து அடித்துக்கொண்டிருந்தது.