கலரு போயிருச்சு, உப்பு எங்க போகும்?

போன எபிசோடுல திருப்பூர் பனியன் கதையைப் பேசினோம். இந்த எபிசோடு அந்த பனியனுக்குக் கீழ இருக்கிற மண்ணைப் பத்தி.

பல்லடம் ரோட்டுல அருள்புரம். அங்க ஒரு லைன் வீட்டுல நண்பர் ஒருத்தர் வாடகைக்கு இருக்கார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வெள்ளையடிச்ச சுவர், கீழே முழங்கால் உயரத்துக்குப் பொரிஞ்சு உதிர்ந்துட்டு இருந்தது. "இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?"ன்னு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பதில் சொன்னார். பழைய சாயப்பட்டறைத் தொழிலாளி. "பட்டறைதாங்க தம்பி. கலரு போயிருச்சு. உப்பு எங்க போகும்?"

அந்தக் கேள்விக்குள்ள ஒரு வரலாறே இருக்கு.

பருத்தித் துணியில சாயம் பிடிக்கணும்னா உப்பு வேணும், அதுவும் நிறைய. துணி சாயத்தை எடுத்துக்கும்; உப்பு அப்படியே கழிவுநீரோட வெளியே வரும். 1980, 90-கள்ல ஏற்றுமதி வளர வளர அந்த நீர் நொய்யல்ல கலந்தது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சில வருஷத்துலயே சாயக்கழிவுத் தொட்டியா மாறிடுச்சு. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனாங்க.

2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தெளிவா சொன்னது: ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே வரக் கூடாது. அதுவரைக்கும் வெளியேத்துற ஒவ்வொரு லிட்டருக்கும் பைசா கணக்குல அபராதம். அணையைச் சுத்தம் பண்ணுற செலவும் தொழிலைச் சேர்ந்தது. உத்தரவு சரியா நிறைவேறலை. 2011 ஜனவரியில எல்லா சாய ஆலைகளையும் மூடச் சொல்லிடுச்சு நீதிமன்றம். சுமார் 700 ஆலைகள். ஊரே ஸ்தம்பிச்சது.

அதுக்கப்புறம் சோதனை ஓட்டத்துக்கு முதல்ல அனுமதி வாங்கினதுல அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையமும் ஒண்ணு. தண்ணியைப் பிரிச்சு எடுத்து திரும்பப் பயன்படுத்துறது, உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புறது. இன்னைக்கு இந்தியா முழுக்க உதாரணமா காட்டுற முறை இது. அது நிஜமான சாதனை, குறைச்சுச் சொல்ல முடியாது.

ஆனா கவனிங்க. அந்த ஏற்பாடு எல்லாம் இனிமே வரப்போற தண்ணிக்கு. ஏற்கெனவே மண்ணுக்குள்ள இறங்கினதுக்கு இல்லை.

திருப்பூருக்கு வேலைக்கு வர்றவங்களுக்கு வீடு வேணும். குறைஞ்ச வாடகைக்கு வேணும். விலை குறைஞ்ச இடம் எது? யாரும் விரும்பாத இடம். உப்பு நிலத்துல கட்டினா செங்கல் பொரியும், கான்கிரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிக்கும், போர் தண்ணி வாயில வைக்க முடியாது. மாசு பண்ணினவர் லாபத்தோட போயிடுவார். மாச வாடகை கட்டுறவர் அந்த மிச்சத்தோட வாழ்வார்.

சுத்தம் பண்ண முடியாதான்னா, முடியும். நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவணும், கழுவின தண்ணி வடிய வழி செய்யணும், சோடியம் அதிகம்னா ஜிப்சம் போடணும். உலோகம் இருந்தா சில சமயம் மண்ணையே தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஆனா முதல்ல மண்ணைப் பரிசோதிக்கணும். அந்த முதல் படியைத்தான் நாம தாண்டிப் போயிடுறோம்.

தாண்டிப் போனா என்ன ஆகும்? பக்கத்துலயே பாடம் இருக்கு. கோவை அம்மன்குளத்துல குடிசை மாற்று வாரியம் ஏழைகளுக்காகக் கட்டின அடுக்குமாடிகள்ல சிலது 2010-ல மண்ணுக்குள்ள இறங்கிடுச்சு. அங்க பிரச்சினை ரசாயனம் இல்லை. ஒரு காலத்துல குளமா இருந்த நிலம். பேருலயே குளம் இருந்துச்சு. நிலத்தோட பழைய கதையைக் கேட்காம வீடு கட்டினதுதான் ரெண்டுக்கும் பொது.

அமெரிக்காவுல நயாகரா பக்கம் லவ் கால்வாய்னு ஒரு இடம். ரசாயனக் கழிவை நிரப்பி மூடின நிலத்தை 1953-ல் ஒரு டாலருக்கு பள்ளி நிர்வாகத்துக்குக் கொடுத்தாங்க. பள்ளி வந்தது, சுத்தி வீடுகள் வந்தது. 1978-ல் மக்களை வெளியேத்த வேண்டியதாச்சு. அந்தக் கோபத்துலதான் 1980-ல் சூப்பர்ஃபண்ட் சட்டம் பிறந்தது: மாசு பண்ணினவரே சுத்தம் பண்ணணும்.

நமக்கு அதே மாதிரி விதிகள் வர 2025 ஜூலை ஆச்சு. மாசடைஞ்ச நிலங்களை அடையாளம் காணணும், சோதிக்கணும், காரணமானவர்கிட்ட செலவை வாங்கணும். ஆளே இல்லைன்னா அரசு ஏத்துக்கணும். காகிதத்துல நல்ல விதிதான். ஆனா சந்தேகப்படுற இடங்களோட பட்டியலை மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும்தான் தொடங்கணும். பழைய பட்டறை எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் வெச்சிருக்கிற தொழிலாளிகளுக்கு வயசாயிட்டே இருக்கு.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது வாடகை, அட்வான்ஸ், பைக் நிறுத்த இடம் எல்லாம் கேளுங்க. கூடவே அந்தத் தெருவுல வயசான ஒருத்தர்கிட்ட இதையும் கேளுங்க: "இதுக்கு முன்னாடி இங்க என்னங்க இருந்துச்சு?"