வட்டமும் சுழியும்

சிங்கப்பூரில் தமிழர் தேக்கா என வழங்கும் பகுதியில் 2003-ஆம் ஆண்டு பெருவிரைவு ரயில் நிலையமொன்று திறக்கப்பெற்றது. அதன் பலகையில் தமிழில் ‘லிட்டில் இந்தியா’ என்றே பெயர். தேக்கா என்றிருந்தால் இடமும் மிஞ்சும், மரபும் மிஞ்சும். அது நிற்க. அத்தொடரின் எட்டு எழுத்துகளுள் மூன்று புள்ளி பெற்றவை. மூன்று மேல்விலங்கு பெற்றவை. தகரத்தின் வாலோ கீழே இறங்குகிறது. சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சதுரத்துள் அடங்கும். எல்லா மொழிக்கும் ஒரே உயரத்தை ஒதுக்கினால் தமிழின் உடலே சுருங்க வேண்டியிருக்கும்.

பலகைகளில் பெரிதும் ஆளப்படும் எழுத்து, முனைக்கோடுகள் களையப்பட்ட ஒருசீர்த் தடிப்பெழுத்தாகும். அவ்வகையில் புகழ்பெற்றது ஃபியூச்சரா. செருமானியரான பால் ரென்னர் வரைந்த அதனை 1927-இல் பிராங்பர்ட்டு நகரின் பவர் வார்ப்படச்சாலை வெளியிட்டது. வட்டம், முக்கோணம், சதுரம் என்பனவே அதற்கு அடிப்படை. ஒரு வட்டமும் ஒரு நேர்கோடும் கொண்டு உரோமன் சிற்றெழுத்துகள் பலவற்றை ஆக்கிவிடலாம்.

சில உறுப்புகளால் பல எழுத்துகளை ஆக்கும் நோக்கம் தமிழுக்கும் அயலன்று. 1935-இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் புகுத்திய சீர்திருத்தம், ணா, றா, னா ஆகியவற்றின் தனி வடிவங்களையும், லை, ளை போன்றவற்றின் துதிக்கை வடிவங்களையும் நீக்கிற்று. அச்சுக்கோப்பவரின் சுமை குறைந்தது. அதே ஆண்டில்தான் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தமிழ்நாட்டரசு அச்சீர்திருத்தத்தை 1978-இல் ஏற்றது. சிங்கப்பூர்ப் பாடநூல்களிலும் பின்னர் அதுவே இடம்பெற்றது.

நோக்கம் ஒன்றாயினும், தமிழெழுத்து கவராயத்திற்குக் கட்டுப்படுவதில்லை. டகரமும் பகரமும் அளவுகோலுக்கு அடங்கும். ணகரம் அடங்குமா? ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’ என்று வகுப்பறையில் சொல்லித்தரும் வேறுபாடு, கோடு தடித்தவுடன் சுழிகளின் உள்வெளி அடைபட்டு மங்குகிறது. தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் பணியும் பனியும் ஒன்றாகின்றன. மணமும் மனமும் அவ்வாறே. ரகரத்தின் அடிச்சாய்வை எளிமை கருதி மழித்தாலோ அது துணைக்காலாகி, ‘மரம்’ என்பது ‘மாம்’ என நிற்கும். எழுத்துக் கற்கும் சிறுவனுக்கு இது சிறு குறையன்று.

ரென்னரின் எழுத்தும் முற்றிலும் கவராயத்தால் ஆனதன்று என்பதைப் பலர் கருதுவதில்லை. அவருடைய முதல் வரைவுகளில் கணக்கியல் விறைப்போடு நின்ற சில வடிவங்கள் பின்னர்க் கைவிடப்பட்டன. வட்டம் நேர்கோட்டைத் தொடுமிடத்தில் கோடு சற்றே மெலிகிறது. கண்ணுக்கு அது ஒரே தடிமனாகத் தோன்றுவது அந்த மெலிவினாலேயே. தமிழ் எழுத்தை வரைவோர் ணகரத்தின் மூன்று சுழிகளிலும், ஞகரத்தின் மடிப்பிலும், இகரத்தின் உள்வளைவிலும் செய்ய வேண்டுவதும் இந்த மெலிவையே.