நளனுக்கு ஏன் ஒரு போட்டிச் சமையல்காரி இல்லை?

அமெரிக்க டிவியில் ஒரு வகைப் படம் உண்டு. தியேட்டருக்கே வராது, டிவிக்கென்றே எடுப்பது. வாழ்த்து அட்டை கம்பெனியான ஹால்மார்க்கின் சேனல் இதுக்குப் பேர்போனது. கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சின்ன ஊர், எதிரெதிரே இரண்டு உணவகம். ஒன்றில் அவன் சமையல்காரன், இன்னொன்றில் அவள். நடுவில் ஒரு சமையல் போட்டி. முதல் அரை மணி நேரம் முறைத்துக்கொள்வார்கள். அப்புறம் அவன் செய்ததை அவள் ஒரு வாய் ருசி பார்ப்பாள். கடைசியில் இரண்டு அடுப்பும் ஒன்றாகிவிடும். முடிவு தெரிந்தேதான் பார்க்கிறோம். அதுதான் அதன் சுகம்.

இந்தக் கதையை அப்படியே பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் தோன்றியது. ஏரிக்கரை, படகு, இறால், நண்டு, மடவை மீன், பின்னணியில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். கேமராவுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஆனா கதையை எழுத உட்கார்ந்தால் முதல் காட்சியிலேயே சிக்குகிறது. ஏன் சிக்குகிறது என்று தேடிப் போனதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் நம்ம மரபைப் பார்ப்போம். காதலிக்கும் சமையல்காரன் நமக்குப் புதுசு இல்லை. நளன் இருக்கிறான். சுயம்வரத்தில் யமன் கொடுத்த வரத்தால்தான் அவன் கைக்கு அந்த ருசி. நாட்டை இழந்து, உருவம் மாறி, வாகுகன் என்ற பெயரில் இன்னொரு ராஜாவிடம் வேலை பார்க்கும்போது, தமயந்தி அவனைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்கிறாள். அவன் சமைத்ததைத் தோழியை விட்டு எடுத்துவரச் சொல்லி, வாயில் வைத்துப் பார்க்கிறாள். வாகுகன் நளன்தான் என்று அவளுக்கு உறுதியாகும் இடங்களில் அது ஒன்று. முகம் பொய் சொன்னாலும் குழம்பு பொய் சொல்லாது. புகழேந்தியின் நளவெண்பா வழியாக இந்தக் கதை தமிழில் ஊறிப்போனது. 'நளபாகம்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

இதில் ஒன்றைக் கவனிங்க. சமைப்பவன் ஆண், ருசிப்பவள் பெண். தமயந்தி சமைத்துப் போட்டி போடவில்லை. இந்த அமைப்பு நம்ம சினிமாவிலும் பெரிசா மாறவில்லை.

1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் காமேஸ்வரன் பாலக்காட்டு சமையல்காரர். 2003-ல் மௌலி இயக்கிய 'நளதமயந்தி'யில், பெயருக்கேற்ற மாதிரி, ஆஸ்திரேலியா போகிற சமையல்காரராக மாதவன். இரண்டிலும் கரண்டி ஆண் கையில்தான். 2011-ல் வந்த மலையாள 'சால்ட் அண்ட் பெப்பர்' கொஞ்சம் வேறு மாதிரி. அதைத்தான் பிரகாஷ்ராஜ் 2014-ல் 'உன் சமையலறையில்' என்று எடுத்தார். தோசை ஆர்டர் செய்யப் போன தவறான போன் கால், அதில் தொடங்கும் காதல். ஆனால் அதிலும் நாயகன் தொல்லியல்காரர், நாயகி டப்பிங் கலைஞர். சமையல் இருவருக்கும் பிரியம்தான், பிழைப்பு இல்லை. சம்பளத்துக்குச் சமைப்பவர் நகைச்சுவைப் பாத்திரம். மலையாள மூலத்தில் பெண் பார்க்கப் போன நாயகன், பலகார ருசியில் மயங்கி, பெண்ணை விட்டுவிட்டு அந்த வீட்டுச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்!

போட்டிக்கு மிகப் பக்கத்தில் வருவது பால்கியின் இந்திப் படம் 'சீனி கம்' (2007). லண்டனில் உணவகம் நடத்தும் அமிதாப், தன் புலாவைத் திருப்பி அனுப்பிய தபுவிடம் சண்டைக்குப் போவார். தபு தானே ஒரு புலாவ் செய்து அனுப்பிக் காட்டுவார். தவறு தன் அடுப்படியில்தான் என்று அமிதாபுக்குப் பிறகுதான் தெரியும். அருமையான காட்சி. ஆனால் அங்கேயும் தபு தொழில்முறைச் சமையல்காரி இல்லை.

அப்படின்னா நம்ம ஊரில் தொழிலாகச் சமைக்கும் பெண்களே இல்லையா? நிறையப் பேர் இருக்கிறார்கள். மீனாட்சி அம்மாள் 1951-லேயே 'சமைத்துப் பார்' புத்தகத்தை வெளியிட்டு, தலைமுறை தலைமுறையாக வீடுகளுக்கு அளவு சொல்லிக் கொடுத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊர் ஊராகப் பெண்களுக்கு சமையல் என்பது சம்பள வேலையானது. 2013-ல் வந்த அம்மா உணவகத்தை நடத்துவதும் மகளிர் குழுக்கள்தான். ஆளுக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் வேறு இடத்தில்.

காமேஸ்வரனின் சாம்பாரில் மீன் விழும் காட்சியை நினைத்துப் பாருங்க. ஏன் சிரித்தோம்? அந்தப் பந்தியில் மீன் கிடக்கக்கூடாது, அதனால். நம்ம பந்தியில் என்ன விழக்கூடாது, யார் பரிமாறலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் ருசிக்கு முன்னாலேயே முடிவாகிவிட்ட சங்கதிகள். 1920-களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்ற விவகாரம் தமிழக அரசியலையே திருப்பிப் போட்டது. 1957-ல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் போராட்டம் தொடங்கியது, பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லித்தான். அந்தச் சொல் இட்லியின் பக்குவத்தைப் பற்றிச் சொல்லவில்லை. யார் கை பட்டது என்று சொல்லியது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2018-ல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. அவருக்கு மாற்றல் போட்டார்கள். கண்டனம் கிளம்பிய பிறகுதான் அது ரத்தானது. அவர் சமைத்ததை ருசித்துப் பார்த்து யாரும் குறை சொல்லவில்லை. ருசி பார்க்கவே மாட்டோம் என்றார்கள்.

இங்கேதான் அந்த அமெரிக்கப் படத்தின் உண்மையான கற்பனை எனக்குப் புரிந்தது. அதில் காதல் பெரிய கற்பனை இல்லை, காதல் எங்கேயும் வரும். இரண்டு பேரும் நாக்கு ஒன்றால் மட்டும் எடை போடப்படுகிறார்கள் பாருங்க, அதுதான் கற்பனை. எதிரியாக இருக்கவும் ஒரு சமத்துவம் வேண்டும். நீ செய்ததை நான் சாப்பிடுவேன், நான் செய்ததை நீ சாப்பிடுவாய் என்ற உத்தரவாதம் இல்லாமல் போட்டி எங்கே வரும்?

இப்போ பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். போட்டியை எப்படிக் கையாள்வது என்பது அந்த ஏரிக்கு நல்லாவே தெரியும். முகத்துவாரத்தின் பக்கம் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் அடிதடிதான். அதனால் 'பாடு' முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் சீட்டு போட்டு, இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை. ஆய்வாளர்கள் மெச்சி எழுதிய ஏற்பாடு இது.

ஆனால் சீட்டில் பெயர் இருக்க, பட்டினவராகப் பிறந்திருக்க வேண்டும். அதே ஏரியில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் பாடு இல்லை. பாடு உள்ள குடும்பங்களிலும் மீனைச் சுமந்து விற்று, பேரம் பேசி, வீட்டை நடத்தும் பெண்களின் பெயர் அந்த வரிசையில் கிடையாது. உள்ளே இருப்பவர்களுக்குள் அழகான சமத்துவம், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு அடைப்பு. நம்ம பந்தியும் இப்படித்தானே இருந்தது?

அதனால் என் படத்தில் போட்டியாளர்களை மாற்றிவிட்டேன். அவன் குப்பத்துப் பையன், படகுத்துறையில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறான். அவள் இருளர் பெண், எதிரில் இறால் தொக்குக் கடை போடுகிறாள். இருவர் இறாலும் ஒரே ஏரியில் பிடித்தது. கடைசிக் காட்சியில் முத்தம் தேவையில்லை. அவன் அம்மா எதிர்க்கடைக்கு நடந்துபோய் ஒரு தட்டு வாங்கி, எல்லார் பார்வையிலும் நின்று சாப்பிடணும். அப்புறம், 'உப்பு கொஞ்சம் கம்மிடி' என்று சொல்லணும்.

அந்தக் குறையை அவள் சொல்லிவிட்டாலே போதும். படம் முடிஞ்சது.