சாலையும் சீட்டும்: மதுரைப் பேருந்துத் தொழிலில் தட அனுமதியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வணிக ஊர்தி பற்றிய சட்டங்களைப் பயில்வோர் பெரும்பாலும் பதிவு, தகுதிச் சான்று, வரி ஆகியவற்றிலேயே நின்றுவிடுகின்றனர். பேருந்துத் தொழிலின் வரலாற்றை நடத்தியதோ ‘பர்மிட்’ என மக்கள் வழங்கும் தட அனுமதியாகும். விபத்தையும் போட்டியையும் கட்டுப்படுத்தத் தோன்றிய அச்சீட்டு, பொதுச்சாலையில் பொருளீட்டும் உரிமையைப் பங்கிடும் கருவியாக மாறிய வரலாற்றை மதுரையை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தட அனுமதி, மோட்டார் வாகனச் சட்டம், தல்லாகுளம், நாட்டுடைமை, மதிப்பெண் முறை.

திருவிழாவும் தற்காலிக அனுமதியும்

வைகையின் வடகரையில் அமைந்த தல்லாகுளம், நகருக்குள் நுழைவோரின் நெடுங்கால நிறுத்தமாகும். அழகர்மலையிலிருந்து புறப்படும் கள்ளழகர், ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு இங்குள்ள பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் மாலையை ஏற்பது வழக்கம். 1889-இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் திறக்கப்பட்டபின் வடகரைச் சாலைகள் ஆண்டு முழுவதும் நகரோடு பிணைந்தன. ஆயினும் சித்திரை மாதத்துக் கூட்டத்தை மாட்டுவண்டிகளே நெடுங்காலம் சுமந்தன. மோட்டார் பேருந்துகள் அவ்விடத்தைப் பிடித்தபோது, நாள்தோறும் ஓடும் பேருந்துகளின் எண்ணிக்கை திருவிழாவுக்குப் போதவில்லை.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை இயற்றியோர் இத்தகைய தேவையை அறிந்திருந்தனர். அச்சட்டத்தின் 62-ஆம் பிரிவு, சந்தைகளுக்கும் சமயக் கூட்டங்களுக்கும் பயணிகளை ஏற்றிச்செல்லத் தற்காலிக அனுமதி வழங்க இடமளித்தது. அதன் காலம் எந்நிலையிலும் நான்கு மாதத்தைக் கடத்தலாகாது. நிலையான அனுமதி கோரும் விண்ணப்பம் 57-ஆம் பிரிவின்படி வெளியிடப்பட்டு, ஏற்கெனவே அத்தடத்தில் தொழில் செய்வோரின் மறுப்புரைகள் கேட்கப்பட்டு, விசாரணைக்குப் பின்னரே முடிவு செய்யப்படும். தற்காலிக அனுமதிக்கு இந்நடைமுறை வேண்டியதில்லை.

இச்சலுகை திருவிழாவோடு நின்றிருப்பின் வரலாற்றாசிரியர் கவனிக்க வேண்டியது அதிகம் இருந்திராது. அதே பிரிவில் ‘குறிப்பிட்ட தற்காலிகத் தேவை’ என்றொரு காரணமும் இடம்பெற்றிருந்தது. நிலையான அனுமதி குறித்த வழக்குகள் நிலுவையில் இருக்கையில், தற்காலிக அனுமதிகளின் துணையால் தடங்களில் பேருந்துகள் ஓடின. குடந்தை இராமன் அண்டு இராமன் நிறுவனத்திற்கும் தஞ்சை மாவட்டப் பேருந்து உரிமையாளர் வீரப்ப பிள்ளைக்கும் இடையே எழுந்து, 1952-இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்த வழக்கு இத்தகைய இழுபறிக்குத் தக்க சான்றாகும். விழாக்கால ஏற்பாடாகத் தோன்றும் ஒரு விதி, தடத்தைப் பிடித்துக்கொள்ளும் வழியாகவும் பயன்பட்டது.

அனுமதிக்கு முன்பிருந்த சாலை

மதுரையில் பேருந்துத் தொழிலின் தொடக்கம் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் (1877–1955) பெயரோடு இணைந்தது. அவர் 1911-இல் நிறுவிய நிறுவனம், அடுத்த ஆண்டில் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கியது. அப்போது தடத்தைப் பங்கிட்டுத் தரும் அனைத்திந்தியச் சட்டம் ஏதுமில்லை. 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஊர்திப் பதிவு, ஓட்டுநர் உரிமம், பொதுமக்கள் பாதுகாப்பு ஆகியவற்றையே முதன்மையாக நோக்கியது. ஒரு சாலையில் எத்தனை பேருந்துகள் ஓடலாம், யாருடையவை ஓடலாம் என்னும் வினாக்களை அது எழுப்பவில்லை. சென்னை மாகாணத்தில் வாடகை மோட்டார்களுக்கு உரிமம் அளிக்கும் அதிகாரம் மாவட்டக் கழகங்களிடம் இருந்தது. சாலையைப் பராமரிப்பதும், சுங்கம் தண்டுவதும், உரிமம் தருவதும் ஒரே கையில் இருந்தமையால் உள்ளூர்ச் செல்வாக்கு உரிமத்திலும் படிந்தது. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் சுங்கச்சாவடிகளுக்கு மாற்றாக மாகாணம் முழுமைக்கும் ஒரே வரியைக் கொணர்ந்தது. பேருந்துத் தொழிலின் கட்டுப்பாடு மாவட்டத்திலிருந்து தலைநகரை நோக்கி நகர்ந்த முதற்படி இதுவாகும்.

இரண்டாம் படிக்குக் காரணம் இரயில்வே. அரசு பெருமுதலீடு செய்த இருப்புப்பாதைகளின் பயணிகளைப் பேருந்துகள் ஈர்த்தன. 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் பாதை போன்றவை சாலைக்கு இணையாகவே சென்றன. சாலையிலோ பேருந்து ஊருக்குள்ளேயே வந்து நின்றது. இப்போட்டியை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னெஸ் அறிக்கை 1933-இல் வெளிவந்தது. அதன் கருத்துகள் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்புலத்தில் உள்ளன. இன்று பயணியின் நலன் கருதிய சட்டமாகப் படிக்கப்படும் அதில், இரயில்வேயின் வருவாய்க் கவலையும் கலந்திருந்தது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

அச்சட்டத்தின் நான்காம் அத்தியாயமே இக்கட்டுரைக்குரியது. ஓட்டுநரைத் தவிர ஆறு பேருக்கு மேல் ஏற்றி, ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கட்டணம் பெறும் ஊர்தியைச் சட்டம் ஒரு வகையாகவும், முழு ஊர்தியையும் ஒருவர் அல்லது ஒரு குழுவினர் ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்திக்கொள்வதை மற்றொரு வகையாகவும் பிரித்தது. முன்னது தடப் பேருந்து; பின்னது ஒப்பந்த ஊர்தி. வண்டி ஒன்றாகவே இருக்கலாம். கட்டணம் பெறும் முறையே வகையை முடிவு செய்கிறது. 42-ஆம் பிரிவு அனுமதியின்றிப் போக்குவரத்து ஊர்தியைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. பொதுமக்கள் நலன், மிச்சமாகும் நேரம், இருக்கும் சேவையின் போதுமை, சாலையின் நிலை ஆகியவற்றை எண்ணிப்பார்த்தே தடப் பேருந்துக்கு அனுமதி தரவேண்டும் என்றது 47-ஆம் பிரிவு.

சட்டம் வந்த ஆண்டே போரும் வந்தது. பெட்ரோல் பங்கீட்டால் பேருந்துகளின் பின்புறத்தில் கரிவாயுக் கலன்கள் ஏறின. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமும் அத்தகைய கலன்களை உருவாக்கியது. போடிப் பாதையின் தண்டவாளங்கள் போர்த்தேவைக்காகப் பெயர்க்கப்பட்டு, 1950-களிலேயே மீண்டும் இடப்பட்டன. இரயிலைக் காக்கவென எழுந்த சட்டத்தின் முதற் பத்தாண்டில், அப்பகுதியில் இரயிலே இல்லாமற்போனது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

சீட்டின் விலை

விடுதலைக்குப்பின் எழுந்த அடிப்படை வினா, சாலை யாருடையது என்பதாகும். தென்காசியைச் சேர்ந்த சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸ் வழக்கில், பொதுச்சாலைகள் அரசைச் சார்ந்திருப்பினும் மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாகவே அரசு அவற்றை வைத்திருக்கிறது என்று சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. 1954-இல் சாகிர் அகமது வழக்கில் உச்சநீதிமன்றம் இக்கருத்தை ஏற்றது. சாலையில் ஊர்தி ஓட்டித் தொழில் செய்தல் குடிமகனின் உரிமை என்றும், அனுமதி முறை அதன்மேல் விதிக்கப்படும் நியாயமான கட்டுப்பாடு என்றும் இதனால் தெளிவாயிற்று.

நடைமுறை வேறுவிதமாக இருந்தது. எண்ணிக்கை வரம்புக்குட்பட்ட எதற்கும் விலை உண்டாகும். 59-ஆம் பிரிவு அதிகாரியின் இசைவின்றி அனுமதியை மாற்றித்தரக் கூடாதென்றது. உரிமையாளர் இறந்தால், ஊர்தி யார் கைக்குச் செல்கிறதோ அவர் மூன்று மாதம் அனுமதியைப் பயன்படுத்தலாம் என்றது 61-ஆம் பிரிவு. சொத்தல்ல என்று சட்டம் கருதிய ஒன்றைக் குடும்பங்கள் சொத்தாகவே பேணின. ஊர்தியின் விலை வேறு, ‘ரூட்’டின் விலை வேறு என்னும் பேச்சு தொழிலில் நிலைத்தது. அரசு மதித்த விலையோ மிகக் குறைவு. 1956-இல் சேர்க்கப்பட்ட நான்கு-அ அத்தியாயத்தின்படி, அரசுப் போக்குவரத்துக்காக ஓர் அனுமதி நீக்கப்பட்டால், எஞ்சிய காலத்தின் ஒவ்வொரு முழு மாதத்திற்கும் 200 ரூபாய் இழப்பீடு. குறைந்த அளவு 400 ரூபாய். சந்தையில் நிலவிய மதிப்புக்கும் இவ்வெண்களுக்கும் இடைப்பட்ட தொலைவே பின்னாளைய வழக்குகளின் ஊற்று.

மதிப்பெண் முறை

ஒரு தடத்திற்குப் பலர் விண்ணப்பித்தால் யாருக்குத் தருவது? 1948-இல் சென்னைச் சட்டமன்றம் சேர்த்த 43-அ பிரிவு, போக்குவரத்து அதிகாரிகளுக்குப் பொதுவான ஆணைகள் பிறப்பிக்க அரசுக்கு இடமளித்தது. அதன்கீழ் 1956 ஏப்ரலில் வெளியான 1298-ஆம் எண் அரசாணை, விண்ணப்பதாரர்களுக்கு மதிப்பெண் இடும் முறையைக் கொணர்ந்தது. பழுதுபார்க்கும் பணிமனை உடைமை, தடத்தோடு தொடர்புடைய இடத்தில் குடியிருத்தல், தொழில் பட்டறிவு ஆகியவற்றிற்கு மதிப்பெண் உண்டு. சில பேருந்துகளே உடையவர் தம் தொழிலைத் தாங்கிநிற்கும் அளவுக்கு வளர ஊக்கம் தருவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. செல்வம் ஒரு சிலரிடம் குவிதலைத் தடுக்கும் கொள்கை, தேர்வுத்தாள் திருத்துவது போன்ற எண்கணக்காக வடிவெடுத்தது. சிபாரிசுக்குப் பதிலாக எண் வந்ததில் நன்மை இருந்தது என்பதை மறுக்கவியலாது.

ஆயினும் சட்டத்தின் கண்ணில் அதற்கு வேர் இல்லை. இராமன் அண்டு இராமன் நிறுவனம் தொடுத்த மற்றொரு வழக்கில், 43-அ பிரிவின் ஆணைகள் நிர்வாகத் தன்மையனவே என்று 1959-இல் உச்சநீதிமன்றம் முடிவு செய்தது. 1964-இல் பி. இராஜகோபால நாயுடு வழக்கில் அது மேலும் சென்றது. அனுமதி வழங்கும் அதிகாரி நீதிமன்றத்தை ஒத்த பணியைச் செய்கிறார். அவர் எவ்வாறு முடிவு செய்யவேண்டும் என்று நிர்வாக ஆணையால் கட்டளையிடுதல் செல்லாது என்று கூறி, 1298-ஆம் ஆணையை அது வீழ்த்தியது. அரசு பின்னர் அம்முறையை மோட்டார் வாகன விதிகளுக்குள்ளேயே 155-அ விதியாகச் சேர்த்தது. நிர்வாக ஆணையாக நிற்க முடியாத மதிப்பெண், விதியாகத் திரும்பி வந்தது.

நாட்டுடைமையும் எஞ்சியோரும்

1967-இல் 75 மைலுக்கு மேற்பட்ட தடங்களைப் படிப்படியாக அரசே ஏற்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பெருந்தொகுதிகளாகப் பேருந்து வைத்திருந்தோரை நோக்கியது. மதுரையில் டி.வி.எஸ். குழுமத்தின் பேருந்துகள் இதனால் அரசுக்குரியவாயின. 1972-இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. நிறுவனம் மாறியபோதும் பணிமனைகளும் தடங்களும் தொடர்ந்தன. (பின்னர் திண்டுக்கல்லில் அமைந்த கழகம் ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கியது. தல்லாகுளத்தில் இன்று காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்கும் அரண்மனை அவ்வரசியோடு தொடர்புடையதே. 1997-இல் கழகங்களின் தனிப்பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.)

1973-இல் அரசு மேலும் ஓர் அடி வைத்தது: தடப் பேருந்துகளையும் ஒப்பந்த ஊர்திகளையும் கையகப்படுத்தும் சட்டம். முந்தைய சட்டத்தால் தொடப்படாத சிற்றுரிமையாளர்களும் இதன் வீச்சுக்குள் வந்தனர். 1956-இல் யாரை வளர்க்க மதிப்பெண் வகுக்கப்பட்டதோ, அவர்களும் பதினேழே ஆண்டுகளில் கையகப்படுத்தப்பட வேண்டியோராயினர். சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்றது. 1983 அக்டோபரில் அபு கவுர் பாய் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அத்தீர்ப்பை மாற்றி, பொருள்வளம் பொதுநலனுக்குப் பயன்படுமாறு பங்கிடப்படவேண்டும் என்னும் அரசமைப்பின் 39-ஆம் உறுப்பை அடிப்படையாகக் கொண்டு சட்டத்தை நிலைநிறுத்தியது. வழக்கில் வென்றபின்னும் அரசு அவ்வதிகாரத்தை முழுமையாகச் செலுத்தவில்லை. மதுரையைச் சுற்றிய சமவெளி ஊர்களில் தனியார் பேருந்துகள் இன்றும் ஓடுவது இதன் விளைவேயாகும்.

1989 சூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டம் திசையை மாற்றியது. அனுமதி கோரும் விண்ணப்பத்தை இயல்பாக மறுத்தலாகாது என்றது அதன் 80-ஆம் பிரிவு. பழைய உரிமையாளர்கள் புதியவர்களைத் தடுக்க இயலாது என்று மிதிலேஷ் கார்க் வழக்கில் 1991-இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தமிழ்நாட்டில் இக்காற்று முழுமையாக வீசவில்லை. 1990-இல் வெளியிடப்பட்ட பரப்புத் திட்டமும், 1992-ஆம் ஆண்டின் சிறப்புச் சட்டமும் அரசுக் கழகங்களின் முதன்மையைக் காத்து, ஏற்கெனவே ஓடிய சிற்றுரிமையாளர்களை விதிவிலக்காக நிறுத்தின. புதியவருக்குக் கதவு அடைபட்டதால் பழைய சீட்டுகளின் மதிப்பு குன்றவில்லை. நெடுந்தொலைவுத் தேவையை, சுற்றுலா அனுமதி பெற்ற ஒப்பந்த ஊர்திகளாகிய ‘ஆம்னி’ பேருந்துகள் நிறைவு செய்யத் தொடங்கின. தனித்தனிக் கட்டணமா, முழு வாடகையா என்னும் 1939-இன் பழைய வினா இவ்வாறு மாட்டுத்தாவணியின் ஆம்னி நிலையத்தில் மீண்டும் எழுந்தது.

62-ஆம் பிரிவு புதிய சட்டத்தில் 87-ஆம் பிரிவாயிற்று. சந்தையும் சமயக் கூட்டமும் அதில் அவ்வாறே உள்ளன. நான்கு மாத வரம்பும் மாறவில்லை.