வேட்டியுடன் பெரியகுளத்துக்கு

வட அமெரிக்காவின் கீழ்க்கரைக்கு அருகே உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்றோர் இடம் உண்டு. 1960 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான ஹெல்கே இங்ஸ்ராட்டும் அவர்தம் மனைவியாரும் அங்கே புல் மூடிய சில மேடுகளைக் கண்டனர். அகழ்ந்து பார்த்தபோது, அவை வைக்கிங் என்னும் வடகடலோடிகள் கட்டி வாழ்ந்த வீடுகளின் எச்சங்கள் எனத் தெரியவந்தது. அங்குக் கிடைத்த மரத்துண்டுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 2021 ஆம் ஆண்டில் வியப்பான செய்தியொன்றை வெளியிட்டனர். 993 ஆம் ஆண்டளவில் வீசிய சூரியப் புயலொன்றின் அடையாளம் அம்மரங்களின் ஒரு வளையத்தில் பதிந்திருந்தது. அதிலிருந்து பட்டைவரை வளையங்களை எண்ணியபோது, மரம் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்பது ஐயமின்றிப் புலனாயிற்று.

இவ்விரண்டு ஆண்டுகளும் நமக்குப் புதியன அல்ல. 993 ஆம் ஆண்டையே முதலாம் இராசராசனின் படை ஈழத்தில் இறங்கிய காலமாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். 1017 இல் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1021 இலோ இராசேந்திரன் அரியணையில் இருந்தான். பனிக்கடலில் ஒரு கூட்டம் மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், திருகோணமலையின் கரைகளில் சோழநாட்டு மரக்கலங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஒருவரையொருவர் அறியாத இரு கடலோடிக் கூட்டங்கள்!

நிற்க. அத்தகைய வைக்கிங் குடியிருப்பொன்றைக் காணப் புறப்படும் ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவர் தம் கில்ட்டை உடுத்திக்கொண்டு போனால், அது பொருத்தமா? முழங்காலளவுக் கட்டம் போட்ட கம்பளி உடைதான் கில்ட். வைக்கிங்குகள் அதனை அறியார். இடுப்பில் சுற்றித் தோளில் போர்த்திய நீண்ட போர்வையே அதன் மூத்த வடிவம். அதுவும் பதினாறாம் நூற்றாண்டினது. இன்று நாம் படங்களில் காணும் குட்டைக் கில்ட் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வழக்குக்கு வந்தது. ஆகவே, பழமை என்று எண்ணி உடுத்துவோர் ஓரளவு ஏமாறுகிறார்கள் எனலாம்.

ஆயினும் அவ்வுடைக்கு வேறொரு பெருமை உண்டு. 1746 இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், ஆங்கில அரசு அவர்தம் உடையையே சட்டத்தால் தடுத்தது. முதன்முறை உடுத்தவனுக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை உடுத்தால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசுக்காகச் சண்டையிடும் மலைநாட்டுப் படையினருக்கு மட்டும் விலக்கு! 1782 இல்தான் அத்தடை நீங்கியது. தடுக்கப்பட்ட துணி என்பதால் அது ஓர் இனத்தின் கொடியாயிற்று. இத்தகைய மலைநாட்டுப் படைப்பிரிவினர் 1795 இல் கேணல் ஸ்டூவர்ட்டின் தலைமையில் நம் கோணமலைக் கோட்டையைப் பிடித்த சேனையிலும் இருந்தனர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோர்வே மன்னன் மூன்றாம் மக்னஸ் மேற்குத் தீவுகளுக்குப் படையெடுத்துச் சென்றவன். அங்குள்ளோர் போலக் குட்டையான அங்கி தரித்து, வெறுங்காலுடன் ஊர் திரும்பியதால் ‘வெறுங்கால் மக்னஸ்’ எனப் பெயர் பெற்றான் என்று அந்நாட்டுப் பழங்கதைகள் கூறும். வென்றவன் தோற்றவனின் உடையை விரும்பி அணிந்தான்.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துப் பேசக் காரணம் உண்டு. எம் இளைஞர் சிலர் பெரியகுளத்துக்கு வரலாற்றுப் பயணம் போவதென முடிவு செய்தபோது, வேட்டியா, காற்சட்டையா என்று ஒரு வழக்கு எழுந்தது. கன்னியாவுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் அவ்விடத்தைத் தமிழர் நாதனார் கோவில் என்பர். சிங்கள மக்கள் வெல்கம் விகாரை என்பர். கல்வெட்டுகள் அதற்கு இட்ட பெயர் இராசராசப் பெரும்பள்ளி. “சோழன் பேர் பெற்ற இடத்துக்குக் காற்சட்டையோடு போவதா?” என்றார் பெரியவர் ஒருவர். “மோட்டார் சைக்கிளில் வேட்டி நிற்குமா, ஐயா?” என்றான் ஒரு தம்பி. இரண்டும் நியாயமான கேள்விகளே.

சோழர் காலத்தவர் உடுத்தது நம் கலியாண வேட்டியும் மேற்சட்டையும் அல்ல. தஞ்சைப் பெரிய கோவில் ஓவியங்களைப் பார்த்தால், இடையிலே பலவிதமாகச் சுற்றிச் செருகிய துணிகளையும் சட்டையில்லா மார்பையுமே காண்கிறோம். நாம் வீட்டில் உடுத்தும் சாரமோ பெயராலேயே மலாய் நாட்டு உறவைக் காட்டுகிறது. எனவே வேட்டியும் கில்ட்டைப் போன்றதே. பழைய வேரில் கிளைத்த புதிய கிளை.

அப்படியானால் ஏன் உடுத்த வேண்டும்? ‘இது எங்கள் இடம்’ என்று பறைசாற்றவா? அந்த எண்ணத்தை நாம் ஏற்கவில்லை. பெரும்பள்ளி ஒரு சிவாலயமன்று. அது புத்தப் பள்ளி. சைவனாகிய அரசனின் பெயரைத் தாங்கிய புத்தப் பள்ளிக்குத் தமிழர் நந்தா விளக்கு வைத்தனர். விளக்குக்கு நெய் வேண்டிப் பசுக்களைக் கொடுத்தனர். அதைத் தமிழிலேயே கல்லில் எழுதினர். தமிழ்ப் பௌத்தர் இருந்தனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இந்த மாவட்டத்தில் ஒவ்வொரு பழைய கல்லையும் இருபுறமும் நின்று இழுக்கும் இக்காலத்தில், அக்கல்வெட்டை அமைதியாக நின்று படிப்பவர் குறைவு. வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவது பௌத்தருக்கும் வழக்கம். ஆகவே வெள்ளை வேட்டி அங்கே எவரையும் உறுத்தாது. இருசாராருக்கும் அது மரியாதையின் உடை.

எம்மூர்க்காரருக்கு இதில் மற்றொரு நினைவும் உண்டு. 2006 ஆம் ஆண்டில் சம்பூரை விட்டு ஓடியபோது, அலுமாரியில் மடித்து வைத்திருந்த நல்ல வேட்டியை எடுக்க எவருக்கு நேரமிருந்தது? 2015 இற்குப் பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பிவந்து, கோவிற் திருவிழாவுக்குப் புது வேட்டி வாங்கி உடுத்த முதியவர்களுக்கு அத்துணியின் விலை கடைக்காரன் சொன்ன விலையன்று.

முடிவில் வேட்டியுடனே போனோம். மூதூரைக் கடந்து, 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் கடற்காற்று தன் வேலையைக் காட்டிற்று. காற்சட்டை கேட்ட தம்பி சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. மடித்துக் கட்டி, முனையை இறுகச் செருகிக்கொண்டோம். பெரியகுளத்தில் செருப்பைக் கழற்றி, மடிப்பை இறக்கிவிட்டு உள்ளே நடந்தோம். கையில் பிரம்புத் துடைப்பத்துடன் நின்ற காவற்காரர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எழுத்துள்ள கல்லுக்குப் போகும் வழியைக் கையால் காட்டினார். வெயில் சாய்ந்திருந்தபடியால் எழுத்துகளின் பள்ளங்களில் நிழல் விழுந்து, சில சொற்களைக் கூட்டி வாசிக்க முடிந்தது.